அன்னத்தைத் தள்ளாத விரதம்

கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் திருக்கோயிலில், பிரதோஷத்துக்கு மறுநாள் காலை வெளிப் பிராகாரத்தை வலம் வந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர், தூணைப் பற்றியபடியே சரிந்து அமர்ந்துவிட்டார். உடன் வந்த பெண்கள் முகத்தில் நீர் தெளித்து, கண் விழித்ததும் கற்கண்டு கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். சர்க்கரையின் அளவு மிகத் தாழ்ந்திருந்தது. முதல்நாள் இரவு என்ன உண்டீர்கள் என்று மருத்துவர் வினவினார். "விரதம்" என்றார் அம்மையார். அதற்கு முந்தின இரவு? அன்று ஏகாதசியின் மறுநாள். காலையில் பாரணை செய்தாயிற்று, இரவு பசிக்கவில்லை.

சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி, பிரதோஷம், அமாவாசை, சனிக்கிழமை என்று மாதத்தின் பாதி இரவுகள் விரதத்தில் கழிந்தன. மற்ற இரவுகளில் பசியில்லை. ஒரு தம்ளர் காப்பியும் நான்கு பிஸ்கட்டும் போதும் என்பது அவர் வழக்கமாகியிருந்தது. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கி வந்தார்.

அவருடைய கணவர் ஓர் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வைப்புநிதி வட்டியும் மகன் அனுப்பும் சிறு தொகையுமே வருவாய். அன்று மாலை அவர் குடும்பக் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தார். இருவருக்கு மாதம் 12 கிலோ அரிசி செலவாகிக் கொண்டிருந்த வீடு அது. கடந்த ஆறு மாதங்களாக எட்டுக் கிலோவைத் தாண்டவில்லை. சிக்கனம் என்று அவர் உள்ளூர மகிழ்ந்திருந்த எண் அது. மருந்துச் செலவு ஏறிய அதே மாதத்தில்தான் அரிசிச் செலவு இறங்கத் தொடங்கியிருந்தது. அவருடைய தட்டு ஓர் இரவும் குறையவில்லை. குறைந்தது யாருடைய தட்டு என்பதை அவரே எழுதிய நோட்டு காட்டிற்று.

இத்தகைய விரதங்கள் பல இல்லங்களில் நடைபெறுகின்றன. பக்தி உண்மையானதே, ஆயினும் பற்றாக்குறையும் அதன் போர்வைக்குள் புகுந்துகொள்கிறது. தெருவில் வசிக்கும் முதிய கனபாடிகள் ஒருவர் உடல்நலம் விசாரிக்க வந்தபோது இதனை நயமாகச் சொன்னார். தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லி, அன்னத்தை இகழாதிருப்பதை விரதம் என்கிறது. அன்னத்தைத் தள்ளாதிருப்பதையும், அன்னத்தைப் பெருக்குவதையும் விரதம் என்றே சொல்கிறது. "இத்தனை விரதம் இருக்கிறீர்களே அம்மா, இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?" என்றார் அவர். அம்மையாரிடம் மறுமொழி இல்லை.

பிறகு கணவரே கணக்குப் போட்டார். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்ப் பிஸ்கட் பொட்டலம் என்றால் மாதம் 300 ரூபாய். அதே தொகைக்கு வெளிக்கடையில் இரண்டு கிலோ பாசிப்பருப்பு வாங்கலாம். முப்பது நாளுக்கும் பகிர்ந்தால் இருவருக்கும் சேர்த்து இரவொன்றுக்கு 65 கிராம் கிடைக்கும். துவரம்பருப்பு நியாய விலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரிசி விலையின்றியே கிடைக்கிறது. அதை வாங்க வரிசையில் நிற்பதைக் கௌரவக் குறைவாக எண்ணி அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் இன்றும் உளர். அந்தக் கௌரவத்தின் விலையை இரவுச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மிளகு, சீரகம் தாளித்த வெண்பொங்கல் முதலில் வந்தது. பச்சரிசி 100 கிராம், பாசிப்பருப்பு 60 கிராம், ஐந்து பங்கு நீர், சிட்டிகை மஞ்சள், இறக்கியபின் ஒரு கரண்டி நெய். குக்கரில் ஒரே பாத்திரம் என்பதால் எரிவாயுவும் மிச்சம். பெருமாளுக்கும் சிவனுக்கும் நிவேதனமாகும் இப்பண்டத்தில் வேறொரு நுட்பமும் உண்டு. பாசிப்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம். அரிசியில் ஏழெட்டுக் கிராமே. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைந்தது அரிசியில் உண்டு. இரண்டும் கூடும்போது பால் வாங்க இயலாத வீட்டிலும் உடல் தேய்வதில்லை. திருவாதிரைக் களி இதே சேர்க்கைதான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கடப்பா செய்த கும்பகோணத்தார்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

சனிக்கிழமையும் அமாவாசையும் பலகாரம் என்ற நியமம் மாறவில்லை. ஆனால் பலகாரம் என்பது பிஸ்கட்டாக இல்லாமல் மீண்டும் பலகாரமாயிற்று. ஒரு வாரம் துவரம்பருப்பு உடைத்துச் சேர்த்த அரிசி உப்புமா, மறுவாரம் அடை. இரவில் கீரை ஆகாது என்னும் வழக்கமுள்ள வீடாதலால், முருங்கைக்கீரையைப் பகலுக்கு நிறுத்திக்கொண்டு அடை மாவில் சுரைக்காய்த் துருவல் கலந்தனர். அடை கடிக்கப் பல் ஒத்துழைக்காத நாளில் கேழ்வரகுக் கஞ்சி, தயிருக்குப் பதில் நீர்மோர் விட்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; முதிய எலும்புக்கு அது வேண்டும்.

சாயரட்சை தரிசித்துத் திரும்பி ஏழு மணிக்குள் இருவரும் ஒன்றாக உண்பது என்பது கணவர் வைத்த நிபந்தனை. அவர் முதலில் உண்டு எழுந்தால் மிச்சம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். நிவேதனத்துக்கென்று உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் வழக்கத்தைக் காஞ்சி மகா பெரியவர் பிடி அரிசித் திட்டமாகப் பரப்பினார். அம்மையாரும் நெடுநாளாக அதைச் செய்து வருபவர். அந்தப் பிடி தமது பங்கிலிருந்து போகவேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். இப்போது 200 கிராம் அளந்த பிறகு, அதற்கு மேல் ஒரு பிடி எடுக்கிறார்.

ஏகாதசி உபவாசத்தை விட மனம் ஒப்பவில்லை. மருத்துவரிடமே கேட்டு, அன்றைக்கு மாத்திரையின் அளவை மாற்றிக்கொண்டு, பழமும் பாலும் ஏற்கிறார். துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வழக்கம்போல. சென்ற மாதக் கணக்கில் அரிசி 11½ கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ. பிஸ்கட் என்ற வரியில் கணவர் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.