படலைக்குக் குழை கட்டும் காலம்

மார்கழி பிறந்தால் மாரி மழை மெல்லத் தணிந்து பனி இறங்கத் தொடங்கும். நத்தார், தைப்பொங்கல், தைப்பூசம் என்று விசேட நாட்கள் அடுத்தடுத்து வருவதும் இக்காலத்தில்தான். கல்வீடோ தறப்பாள் கொட்டிலோ, வாசலில் நாலு மாவிலை தொங்கினால் அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்பது தெருவால் போகிறவருக்குத் தெரியும். ஆகவே இதனை வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

சொந்த ஊரில் இருந்தபோது இதற்காக எவரும் யோசித்ததில்லை. சங்கடப்படலை வைத்த வீடானாலும் வெறும் தட்டிப் படலையானாலும், வேண்டிய குருத்தும் குழையும் வளவுக்குள்ளேயே கிடைத்தன. (சங்கடப்படலை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும். வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குவதற்காகக் கூரை போட்டு வைத்த படலை அது.) இன்று நிலைமை வேறு. மீளக் குடியமர்ந்தவர்களின் காணியில் நிற்பவற்றுள் பல, திரும்பி வந்தபின் நட்ட கன்றுகள். இன்னும் உறவினர் காணியிலோ வாடகைக் காணியிலோ இருப்பவர்களுக்கு மரமே சொந்தமில்லை. எனவே எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று அறிந்துதான் கத்தி எடுக்க வேண்டும்.

முதலில் தென்னை. மாமரத்தில் ஒரு கிளையை முறித்தால் இன்னொரு கிளை வரும். தென்னைக்கு அப்படியில்லை. அதற்கு வளரும் முளை ஒன்றே ஒன்று, வட்டின் நடுவில் இருக்கிறது. கத்தி சற்று ஆழமாக இறங்கி அந்த முளை பழுதானால் மரம் பட்டுவிடும். முளை தப்பினாலும் நட்டம் உண்டு. நன்றாக வளரும் தென்னை ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலைகள் விடும். ஒரு குருத்தை வெட்டுவதென்றால் ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சியை வெட்டுவதாகும். ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். அந்தக் குலைக்குச் சாப்பாடு கொடுப்பதும் அதைத் தாங்கிப் பிடிப்பதும் அந்த ஓலைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து வண்டு. வெட்டுக்காயத்தின் மணத்துக்குச் செவ்வண்டு வரும், காயத்தில் முட்டையிடும். புழுக்கள் உள்ளே குடைவது வெளியில் தெரியாது. வட்டு சாய்ந்தபின்னர்தான் தெரியவரும், அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. 10 வயதுக்கு உட்பட்ட இளந்தென்னைகளையே இந்த வண்டு கூடுதலாகத் தாக்குகிறது. எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்தில் நிற்பதும் அவைதானே! ஆகவே நட்ட கன்றில் குருத்து வெட்டுவதை அடியோடு நிறுத்துங்கள்.

அப்படியானால் தோரணத்துக்கு என்ன செய்வது? வளர்ந்த தென்னையின் ஓலை ஒன்றில் சுமார் 200 இலைகள் இருக்கும். ஒரு வீட்டு வாசலுக்கு 20 தோரணம் தாராளம். அதாவது, காய்ப்புக் குறைந்த பழைய மரத்தில் ஒரு குருத்தை இறக்கினால் ஒரு ஒழுங்கையில் உள்ள பத்து வீடுகளுக்குப் போதும். வீட்டுக்கு ஒரு குருத்து என்ற பழக்கம் தோப்பு வைத்திருந்த காலத்துப் பழக்கம். வடலிக் குருத்தையும் விட்டுவிடுங்கள். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கென்று எத்தனை பனைகள் விழுந்தன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோரணம் பின்னும் முறையைப் பெரியவர்கள் இந்தச் சாட்டில் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கலாம். நல்ல காரியத்துக்குரிய தோரணத்தில் நான்கு குருவிகள் இருக்கும். துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்று. முகாம்களில் வளர்ந்த இளைஞர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கலியாண வீட்டில் மூன்று குருவித் தோரணம் தொங்கினால் வயோதிபர் மனம் என்னபாடுபடும்?

மாவிலை தடிப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. நீர் விரைவில் வெளியேறாததால் பறித்துச் சில நாட்களுக்கு வாடாது. ஆனால் மா பூப்பது கிளை நுனியில். மார்கழி, தை அது பூக்கத் தொடங்கும் காலம். கொப்பை நுனியோடு முறிப்பவர் வரப்போகும் மாம்பழத்தையும் சேர்த்தே முறிக்கிறார். கீழ்க்கொப்புகளின் உட்புறத்தில் உள்ள முற்றிய இலைகளைக் காம்போடு பறியுங்கள். கொழுந்து எப்படியும் அரை நாளில் சுருண்டுவிடும். விடியற்காலையில் பறித்துச் சற்று நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, ஈரமான வாழை நாரில் கோத்தால் இன்னும் நின்றுபிடிக்கும்.

வாழை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு வாழை ஒருமுறைதான் குலை போடும். குலை முற்றியபின் அந்த மரம் எப்படியும் வெட்டப்பட வேண்டியது. அருகில் நிற்கும் குட்டியைக் காயப்படுத்தாமல் வெட்டி, படலையின் இருபுறமும் கட்டலாம்.

வேலியை மறந்துவிடாதீர்கள். பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை முதலியவை மாரியில் நன்றாகத் தழைத்திருக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கட்டியது போக எஞ்சிய பூவரசங் குழையைத் தோட்டத்தில் தாழ்த்தலாம். தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரையில் செருகுவார்கள். சிறுபீளை என்பது வேறொன்றுமல்ல, எங்கள் வளவுகளில் களையாக முளைக்கும் தேங்காய்ப்பூக் கீரைதான். அதன் வெள்ளைக் கதிர் காய்ந்தாலும் உதிராமல் நிற்கும், ஒரு மரத்துக்கும் நட்டமில்லை. வேப்பிலையை மட்டும் தனியாகப் படலையில் கட்டவேண்டாம். அந்த வீட்டில் அம்மாள் வருத்தம் என்று எண்ணிச் சனம் திரும்பிப் போய்விடும்.

பார்த்தீனியத்தின் வெள்ளைப் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தோலில் கடி உண்டாக்கும். விதை வளவெங்கும் பரவினால் பிறகு பயிருக்கு இடமில்லை. அலரிக் குழையும் வேண்டாம். இலை முதல் விதை வரை நஞ்சு. படலையில் ஆடு எட்டிக் கடிக்கும், குழந்தை பிடுங்கி வாயில் வைக்கும்.

பற்றைக்குள் குழை தேடப் போகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி வெடிகளை அகற்றி முடிப்பதற்கான தவணை 2028 ஜூன். மண்டையோட்டுப் பலகை நட்ட இடத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடமும் எல்லாம் துப்புரவானது என்று பொருளில்லை. மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்ததை வேறிடத்துக்கு நகர்த்தும். ஊரார் நடந்து பழகிய பாதையோரத்தில் கிடைப்பது போதும். சிறுவரைத் தனியே அனுப்பவேண்டாம். பிறர் காணி என்றால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். வந்த இடத்தில் அயலவரோடு மனத்தாங்கல் தொடங்குவது பெரும்பாலும் ஒரு தேங்காயிலும் ஒரு கட்டுக் குழையிலுமாகவே இருக்கிறது.

பட்டணத்துக் கடைகளில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. ஒருமுறை வாங்கினால் ஐந்து வருடம் என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வாங்கியவர்களோடு சண்டைக்கும் போகமாட்டேன்.

தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, நெற்கதிர்க் கற்றையை விறாந்தையில் கட்டுவது எங்கள் வழக்கம். இது வாடும் குழையல்ல; அடுத்த காலபோக அறுவடை வரை தொங்கும். வயல் இன்னும் கைக்கு வராதவர்கள் அயல் வயற்காரரிடம் ஒரு பிடி கதிர் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அரிவு வெட்டுக்குப் போகிறவர்கள் அங்கேயே கேட்டு வாங்கலாம். நன்றாக வெயிலில் உலர்த்தி, எலியும் அணிலும் எட்டாதபடி கூரையிலிருந்து மெல்லிய கம்பியில் தொங்கவிடுங்கள்.