நூறு சதவீதத் தேர்ச்சி: எத்தனை பேரில்?

பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசல்களில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று ஃபிளெக்ஸ் முளைத்துவிடுகிறது. அட்மிஷனுக்கு அலையும் பெற்றோர் அதைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். ஆனால் அந்த நூறு, தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் படித்தார்கள், அவர்களில் 92 பேர் மறுவருடம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி அத்தனை பேரும் தேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். போர்டில் 100 என்று போடலாம், பொய்யில்லை. ஒன்பதிலிருந்து எண்ணினால் அது 77-ஐக்கூடத் தொடாது. மீதி 28 பேர் எங்கே போனார்கள் என்பதற்கான பதிலில்தான் பள்ளியின் தரம் இருக்கிறது. மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-ல் தமிழக அரசு நிறுத்தியது நல்ல காரியம். தேர்ச்சி விகிதப் போட்டி மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தப் போட்டிக்காகப் பிள்ளைகளை வடிகட்டும் சல்லடை ஏன் ஒன்பதாம் வகுப்பில் வைக்கப்படுகிறது? கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. அதன்பிறகு அந்தக் காப்பு இல்லை. வெளிப்படையாக நீக்கவேண்டிய தேவையும் இல்லை. "பத்தாவதுல தாங்கமாட்டான், வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்லி, 'சொந்தக் காரணத்துக்காக டி.சி. வேண்டும்' என்று பெற்றோர் கையாலேயே ஒரு கடிதம் வாங்கிவிட்டால் போதும். ஆவணத்தில் அது பெற்றோரின் விருப்பம்! பிற்பாடு புகார் செய்யப் போனால் அந்தக் கடிதம்தான் எதிரே வந்து நிற்கும். ஆகவே மனமில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் தரச்சொல்லுங்கள். மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், 14417 என்ற கல்வி உதவி எண்ணில் முறையிடலாம், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம்.

வேலை மாற்றத்தால் ஊர் மாறும் குடும்பங்கள் உண்டே, விரும்பி ஐ.டி.ஐ.க்குப் போகிறவர்கள் உண்டே, அதற்கெல்லாம் பள்ளியைக் குறைசொல்லலாமா என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதைப் பிரித்தறியத் தரவு இல்லாமலில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் ஓர் எண் இருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட பெயர், இன்னொரு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை எமிஸின் பொதுப்பட்டியலில் கிடக்கும். வேறு பள்ளியில் சேர்ந்தவர் யார், எந்தப் பள்ளியிலும் சேராதவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். பெயர்கள் நமக்கு வேண்டாம், அவை பிள்ளைகளின் அந்தரங்கம். எண்ணிக்கை போதும். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நேரடியாகவே கேட்கலாம். தனியார் பள்ளி என்றால், சட்டப்படி அதனிடமிருந்து கல்வி அலுவலர் பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம்.

எண்களே வேண்டாம் என்பதல்ல என் வாதம். எமிஸ் பதிவே பாதி நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் எதை எண்ணுவது என்பது முக்கியமாகிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 2005-ல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்கள். அங்கே ஒன்பதாம் வகுப்புதான் உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடம். அந்த ஒரு வருடத்தில் போதிய பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோற்காத பிள்ளை, நான்காண்டில் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். பள்ளிகள் இந்த அளவுகோலைப் பிள்ளைகளை வெளியே தள்ளப் பயன்படுத்தவில்லை. யார் வகுப்புக்கு வரவில்லை, யார் எந்தப் பாடத்தில் சறுக்குகிறார் என்று பருவத்துக்குள்ளேயே கண்டு கூப்பிட்டுப் பேசினார்கள். 2007-ல் 57 சதவீதமாக இருந்த, அந்த அளவுகோலை எட்டிய பிள்ளைகளின் பங்கு 2013-ல் 82 ஆனது. மதிப்பெண்ணைத் தளர்த்திக் காட்டினார்கள் என்ற சந்தேகமும் எழாமலில்லை. ஆனால் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் கூடவே ஏறியது. நம் ஊரில் காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, பிள்ளையின் வருகைப் பதிவையும், எந்தப் பாடத்தில் எந்த வகைக் கேள்வி விட்டுப்போனது என்பதையும் கேட்டால் அதே வேலை நடக்கும். சென்ற ஆண்டு ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடலாம்.