சக்கரம் வைத்த வீட்டில் ஏழு நாள்

வெளியூர்ப் பயணம் என்றதும், முதல் நாள் சாயந்திரமே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்ளும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்! வண்டி நிற்கிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியுமா என்கிற பயம்தான். இப்படி அடக்கி அடக்கித்தான் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தாரையில் கிருமியும் வருகிறது என்று எங்கள் டாக்டரம்மா சொல்லிச் சொல்லி அலுத்து விட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வருமாம்.

என் மாமியாருக்கு வயது 72. இருபது வருஷமாகச் சர்க்கரை. ஒன்றரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போக வேண்டும். இதனாலேயே ஐந்தாறு வருஷமாகக் கல்யாணம், கோயில் எதற்கும் வெளியூர் கிளம்புவதில்லை. கேட்டால், "முட்டி வலிக்குதும்மா" என்பார். உண்மைக் காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

நியூஸிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நகரத்தில் இருக்கிற என் கொழுந்தனாரிடம் இதை நான்தான் போனில் சொன்னேன். 2024 பிப்ரவரியில் நாங்கள் அங்கே போனபோது அவர் காரை வீட்டில் நிறுத்திவிட்டு, ஏழு நாளுக்கு ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்தார். மாமியார், நான், என் கணவர், எங்கள் பையன், கொழுந்தனார், ஓர்ப்படி... ஆக ஆறு பேர்.

நம் ஊர் மினி பஸ் அளவு வண்டி. உள்ளே கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேஜை. ராத்திரி மேஜையைத் தாழ்த்தி மேலே மெத்தையைப் பரப்பினால் கட்டில். டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டும். பையன் அதைப் பிடித்துக் கொண்டான். பின்னால் பீரோ அகலத்துக்கு ஒரு கழிப்பறை. அதற்குள்ளேயே ஷவரும்.

வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எழுந்து காபி போடுவது, கழிப்பறைக்குப் போவது எதுவும் கூடாது. படுக்கை ஆறு இருந்தால் போதாது, பெல்ட் போட்ட இருக்கை ஆறு இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் டெகாபோ ஏரிக்குக் கிளம்பினோம். சுமார் 225 கிலோமீட்டர். நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். என் கணவரும் கொஞ்ச தூரம் ஓட்டினார். ஆங்கிலத்தில் இருக்கிற நம் லைசென்ஸே அங்கே செல்லும். சாலையில் 100 என்று போர்டு இருந்தாலும், 3500 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிகளுக்கு 90தான்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. அத்தை வாயே திறக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஆம்பிளைங்க எல்லாம் ரெண்டடியில உட்கார்ந்திருக்காங்க. சத்தம் கேட்காதா? அதுவும் அடுப்புக்குப் பக்கத்துல..." என்றார். அட ராமா! கழிப்பறையையே கூட்டிக் கொண்டு வந்தும் கதை மாறவில்லையே!

ஓர்ப்படிதான் வழி சொன்னாள். அவள் நர்சிங் ஹோமில் வயதானவர்களைப் பார்த்துக் கொள்கிறவள். "அக்கா, ஒன்றரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தணும். எல்லாரும் கீழே இறங்கிப் பத்து நிமிஷம் நடக்கணும். காரணம் யாரும் கேட்கக் கூடாது" என்று சட்டம் போட்டாள். ஆண்களிடம் கால் வீக்கம் என்று சொல்லி வைத்தோம். பொய்யும் இல்லை. ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் வீங்கத்தான் செய்யும். என் பழைய நூல் சேலை ஒன்றை அடுப்புக்கும் கழிப்பறைக்கும் நடுவே திரையாகக் கட்டினேன். மூன்றாம் நாள், "தம்பி, வண்டியை நிறுத்துப்பா" என்று அத்தையே குரல் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலும் கையில் வந்து விட்டது.

டெகாபோ ஏரியின் நீல நிறத்தை என்னால் சொல்ல முடியாது, துணிக்குப் போடும் நீலத்தில் பால் கலந்த மாதிரி. பனியாறுகள் பாறையை அரைத்து அரைத்து மாவாக்கி ஏரியில் கொண்டு வந்து சேர்க்கின்றனவாம், அதனால் அந்த நிறம். கரையில் 1935-ல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் இருக்கிறது. அந்தப் பகுதி முழுவதையும் 2012-ல் இருள் வானக் காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். தெருவிளக்குகூட அடக்கி வைத்துத்தான் எரிகிறது. இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். பதினொரு மணிக்கு அத்தை எழுந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்து என்னை உலுக்கினார். "இங்க பாரும்மா, திருவாதிரை கீழே இருக்கு!" நம் ஊரில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்கு வடக்கே இருக்கும் திருவாதிரை, தெற்குக் கோளத்தில் தலைகீழாகத் தெரிகிறது. போர்வையைச் சுற்றிக் கொண்டு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து பார்த்தோம்.

மறுநாள் குக் மலை அடிவாரம். அயோராக்கி என்பது அந்த நாட்டுப் பழங்குடி மவோரிகள் வைத்த பெயர். உயரம் 3724 மீட்டர். அங்கிருந்து லிண்டிஸ் கணவாய் வழியாக வானாகா ஏரி. அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வேலையைச் சொல்கிறேன்.

விளம்பரப் படங்களில் ஏரிக்கரையில் நாற்காலி போட்டுக் குடும்பம் காபி குடிக்கும். அந்தக் காபியைப் போட்டது யார் என்று படத்தில் இருக்காது! இரண்டாம் நாள் சாயந்திரம் ஆண்கள் மூவரும் நாற்காலியில், ஓர்ப்படியும் நானும் இடுப்பு திரும்ப முடியாத இடத்தில் ஆறு பேருக்குச் சப்பாத்தி. அத்தை பார்த்துக் கொண்டே இருந்தார். "வண்டி ஓட்டுறது ஒரு வேலைன்னா இதுவும் வேலைதானேப்பா. எந்திரிங்க, பாத்திரம் உங்களுது" என்றார். அதற்கு மேல் பேச்சேது? மூன்றாம் நாளிலிருந்து காலையில் ரொட்டி, மத்தியானம் சின்ன குக்கரில் ஒரே சாதம், ராத்திரிப் பாத்திரம் ஆண்கள் பொறுப்பு.

கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையேல் புகை மணி ஊரைக் கூட்டிவிடும். எங்கள் வண்டியில் மின்சாரம் உள்ள முகாமில் ஒயரைச் செருகினால்தான் மிக்ஸி ஓடும். மற்ற இடங்களில் பேட்டரியில் விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்ப் பம்ப் மட்டும். சட்னி வேண்டுமென்றால் அதற்கேற்ற இடத்தில் ராத்தங்க வேண்டும். கிளம்பும் முன் கேஸை மூடி, அலமாரிக் கொக்கியெல்லாம் மாட்ட வேண்டும். அத்தையின் இன்சுலினை ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குத் தள்ளி வைத்தோம். உறைந்து போனால் அந்த மருந்து உதவாது.

கழிப்பறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. நம்மைப் போலத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். ஊருக்கு ஊர் அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்டிக் கழுவ வேண்டும், கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம். வீட்டில் இதுவரை பாத்ரூம் பிரஷ்ஷைத் தொடாத என் கணவர், முதல் தரம் அந்தப் பெட்டியை இழுத்தபோது அத்தை பதறிக் கொண்டு இறங்கினார். "கையுறை இருக்கும்மா. நீ போய் உட்காரு" என்றார் இவர். தினமும் காலையில் அவரும் பையனும்தான் அதைச் செய்தார்கள். அத்தை அந்தப் பக்கம் பார்க்காமல் வெற்றிலைக்குப் பதில் பாக்கு மென்று கொண்டிருப்பார்.

போக நினைக்கிற சகோதரிகளுக்கு இன்னும் இரண்டொரு விஷயம். ஊரிலிருந்து தேன், பச்சைக் கறிவேப்பிலை, பழம் எடுத்துப் போகாதீர்கள். பொடி, ஊறுகாய் எதுவானாலும் நுழைவுப் படிவத்தில் எழுதிக் காட்டி விடுங்கள். ஆகாது என்றால் வாங்கிப் போட்டு விடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் 400 டாலர் அபராதம். வாடகை போக டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி உண்டு, அதையும் கேட்டுக் கொள்ளுங்கள். வண்டி அடிபட்டால் நம் கையிலிருந்து எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடகை உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மே என்றால் குறையும், ஆனால் ராத்திரி குளிரும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கழிவுப் பெட்டி காலியாகவும் டீசல் நிறைவாகவும் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் கடைசி நாள் இரண்டையும் பையன் பார்த்துக் கொண்டான். திரையாகக் கட்டிய என் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தது அத்தை.