ஆங்கிலச் சொல்வகைகளும் விளையாட்டு முறையும்

தமிழிலக்கண நூலார் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தனர். ஆங்கில இலக்கணகாரரோ பெயர், பிரதிப்பெயர், வினை, பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல் என எட்டாக வகுப்பது நெடுங்கால வழக்கு. இவ்வெட்டின் வரைவிலக்கணங்களையும் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவன், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைக்கப் புகுந்தவிடத்துத் திகைத்து நிற்பது பலரும் காணும் நிகழ்ச்சி. இதற்குக் காரணம் யாது?

ஆங்கில மொழிக்கு முதன்முதலாக அச்சில் வந்த இலக்கணம் 1586ஆம் ஆண்டில் வில்லியம் புல்லொகர் என்பார் இயற்றியது. அதுவும் அதன் வழிவந்த நூல்கள் பலவும் இலத்தீன் இலக்கணத்தை மாதிரியாகக் கொண்டவை. இலத்தீன் சொல்லின் ஈறே பெரும்பாலும் அதன் வகையைக் காட்டிவிடும். ஆங்கிலமோ தன் பழைய ஈறுகளிற் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே இழந்துவிட்டது. ஈறு செய்த பணியை அம்மொழியில் இன்று பெரிதும் செய்வது, வாக்கியத்திற் சொல் நிற்கும் இடமேயாம்.

தமிழ் மாணவனுக்கு இவ்வேறுபாடு புதியது. 'வேகம்' என்பது 'ஆன' ஏற்று 'வேகமான' என்றாகிப் பெயரைத் தழுவும். 'ஆக' ஏற்று 'வேகமாக' என்றாகி வினையைத் தழுவும். ஆங்கிலத்தில் 'பாஸ்ற்' என்னும் சொல்லோ உருமாறாமலே இரு பணியையும் ஆற்றும். 'றவுண்ட்' என்னும் சொல் இன்னும் வியப்புக்குரியது. வட்டமான மேசையைக் குறிக்கையில் அது பெயரடை. குத்துச்சண்டையின் ஒரு சுற்றைக் குறிக்கையிற் பெயர். கப்பல் முனையைச் சுற்றிச் சென்றது என்கையில் வினை. திரும்பிப் பார் என்கையில் வினையடை. தீயைச் சுற்றி அமர்ந்தனர் என்கையில் முன்னிடைச்சொல். வீட்டில் தந்தையாகவும் பள்ளியில் ஆசிரியராகவும் ஒருவரே விளங்குதல் போன்றது இது. ஆகவே சொல்வகை என்பது சொல்லின் பிறப்புரிமை அன்று. அது வாக்கியத்தில் ஏற்கும் பணியே. அமெரிக்க மொழியியலறிஞர் சாள்ஸ் பிறீஸ், 1952இல் வெளியிட்ட நூலில், வாக்கியச் சட்டத்தில் எச்சொல் எவ்விடத்திற் பொருந்தும் என்பது கொண்டே சொற்களை வகுத்தார்.

இடமறிதல் மனனத்தால் வருவதன்று. சொற்களை எடுத்து வைத்துப் பழகுவதால் வருவது. அப்பழக்கத்தைச் சோர்வின்றித் தரவல்லது விளையாட்டு.

பெயரடைக்கு ஏற்றது, விக்ரோறியா காலத்து ஆங்கில இல்லங்களில் விளையாடப்பட்ட 'மதகுருவின் பூனை'. அப்பூனை எத்தகைய பூனை என ஒவ்வொருவரும் முதலெழுத்து வரிசையில் ஓர் அடைமொழி கூறிச் செல்லல் வேண்டும். உயிரொலியில் தொடங்கும் அடைமொழிக்கு முன் 'அன்' வருதலும் உடன் பழக்கமாகும்.

வினையடைக்கு வேறொரு விளையாட்டு உண்டு. ஒருவன் வெளியே செல்ல, ஏனையோர் 'மெதுவாக', 'கோபமாக' போன்றதோர் ஆங்கில வினையடையை இரகசியமாகத் தெரிவர். அவன் திரும்பிவந்து, கதவைத் திற, கரும்பலகையைத் துடை என ஏவுவான். அவர்கள் செயல் புரியும் தன்மையைக் கண்டே அவன் அச்சொல்லை உய்த்துணர வேண்டும்.

முன்னிடைச்சொல் தமிழருக்கு இடர் தருவது. தமிழில் வேற்றுமையுருபு பெயரின் பின் நிற்க, ஆங்கிலத்தில் அப்பணி செய்யும் சொல் முன்னே நிற்கும். ஒரு சுண்ணக்கட்டியை ஒளித்து வைத்து, மேசையின் கீழா, பெட்டியினுள்ளா, கதவின் பின்னா என ஆங்கிலத்தில் வினவித் தேடச் செய்தால் அவ்வொழுங்கு நாவிற் படியும்.

எல்லா வகைக்கும் பொதுவானது, 1958இல் அமெரிக்காவில் 'மாட் லிப்ஸ்' என்னும் பெயரால் நூலாக வெளிவந்த விளையாட்டு. கதையை மறைத்து, ஒரு பெயர் தருக, ஒரு வினை தருக எனக் கேட்டு, பெற்ற சொற்களை வெற்றிடங்களில் இட்டு வாசிப்பது அது. ஆசிரியர் ஐந்து வரிகளில் ஒரு கதை எழுதினால் போதும், பொருட்செலவு இல்லை. யானை மரத்திற் பறந்தது என வந்தால் வகுப்பு நகைக்கும். எனினும் வாக்கியம் நிற்கும். வினைக்குரிய இடத்திற் பெயரடை புகுந்தாலோ வாக்கியமே சரியும். பொருட்பிழைக்கும் அமைப்புப்பிழைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவன் செவியே அவனுக்கு அறிவித்துவிடும்.

எனினும் விளையாட்டு, விளையாட்டாகவே முடிந்துவிடலாகாது. ஒரு வேளைக்கு ஒரு சொல்வகையே போதும். இறுதிப் பத்து நிமிடத்தில், பொருந்தாத சொற்கள் எவை, அவை ஏன் பொருந்தவில்லை என மாணவர் தாமே கூறல் வேண்டும். வரைவிலக்கணம் அதன் பின்னரே வருக. வெற்றி தோல்வி தனியாளுக்கன்றிக் குழுவுக்கே உரியதாதலும் நன்று. பிழைத்தவன் நாணி ஒதுங்கான்.

இம்முறையின் பெரும்பயன் இதுவே. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இவ்விடமுறை செவிவழியே வந்துவிடும். வகுப்பறையன்றி வேறெங்கும் அம்மொழியைக் கேளாத பிள்ளைக்கு அதனை அளிக்க வேண்டியது வகுப்பறையே. அங்கும் வரைவிலக்கணம் ஒன்றே கிடைக்குமாயின், அப்பிள்ளை ஆங்கிலத்தைப் பற்றி அறியுமேயன்றி, ஆங்கிலம் அறியமாட்டாது.