கரப்பானும் களிம்பு பயமும்

குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். வழவழவென்று இருந்த கன்னம் ஒரே வாரத்தில் சொரசொரத்து, திட்டுத்திட்டாகத் தடித்து, நீர் கோத்துக்கொள்ளும். அந்த வயதில் குழந்தைக்குச் சொறியத் தெரியாது. அம்மாவின் தோளிலும் படுக்கை விரிப்பிலும் முகத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் கிளம்பும். தாய் கத்தரிக்காய் சாப்பிட்டாள், கருவாடு சாப்பிட்டாள், சூடு, கண்திருஷ்டி. பாட்டி கரப்பான் என்பார். மருத்துவர் எக்சிமா என்பார். சீட்டில் அடோபிக் டெர்மடைடிஸ் என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான்.

இந்த நோயை அடக்கி வைப்பது அவ்வளவு கடினம் இல்லை. கடினமாக்குவது நம் வீடுகளில் இருக்கும் ஒரு வினோதம். மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பைப் பயந்து பயந்து தொடுகிறோம்; மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ட்யூபைக் கொஞ்சமும் பயமில்லாமல் பூசுகிறோம்.

தோலில் என்ன கோளாறு?

தோலின் மேலடுக்குக்கு இரண்டு வேலை. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடக் கூடாது. வெளியே இருக்கும் தூசு, சோப்பு, கிருமி எதையும் உள்ளே விடக் கூடாது. கரப்பான் வரும் குழந்தைகள் பலருக்கு இந்த அடுக்கு பிறவியிலேயே வலுவில்லாமல் இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிழை இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா, இன்னொருவருக்கு விடியற்காலைத் தும்மல், குழந்தைக்குக் கரப்பான் என்று பல குடும்பங்களில் பார்க்கிறோமே, அது தற்செயல் இல்லை. இது ஒட்டுவாரொட்டியும் இல்லை.

முன்கூட்டியே கவனித்திருந்தால் வராமல் தடுத்திருக்கலாமோ என்று தாய்மார்கள் நொந்துகொள்வதுண்டு. பிரிட்டனில் 1,394 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வொன்றில், ஒரு பிரிவினருக்கு முதல் ஓராண்டு முழுக்கத் தினமும் ஈரப்பதக் கிரீம் பூசச் சொன்னார்கள். 2020-இல் முடிவு வந்தது: பூசிய குழந்தைகளுக்கும் பூசாத குழந்தைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கரப்பான் வந்திருந்தது. ஆகவே நொந்துகொள்ள ஒன்றுமில்லை. வந்த பிறகு செய்வதுதான் நம் கையில் இருக்கிறது.

மாநிறத்தில் சிவப்பு தெரியாது

படங்களில் காட்டும் கரப்பான் பளிச்சென்று சிவந்திருக்கும். நம் குழந்தைகளின் மாநிறத்தில் அப்படித் தெரிவதில்லை. சாம்பல் பூத்தாற்போல, கருஞ்சிவப்பாக, சில நேரம் வெறும் பொரிப்பொரியாகத் தெரியும். கண்ணை நம்புவதைவிடக் கையால் தடவிப் பார்ப்பது மேல். கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, கைகால்களின் வெளிப்பக்கம். நடக்கத் தொடங்கியதும் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, மணிக்கட்டு. டயப்பர் மூடும் இடம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

புண் ஆறிய இடம் வெளுத்துப் போகும். வெண்புள்ளி நோயோ என்று கலங்கி, களிம்பின் மேல் பழி போட்டு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அழற்சி விட்டுப்போன தடம். சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும். கன்னத்தில் மங்கலான வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூச்சி மருந்து கொடுப்பதும், கால்சியம் குறைவு என்று டானிக் வாங்குவதும் ஊர் வழக்கம். இரண்டுக்கும் அந்தத் திட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஒன்றை மட்டும் முதலில் விலக்கிவிட வேண்டும். குழந்தையின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு என்றால், அது சிரங்காக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

குளியலும் சாம்பிராணியும்

கால்நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்கால் மேல் கிடத்தி, ஆவி பறக்கும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, பயத்தம் மாவு தேய்த்து, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்க வைக்கும் குளியலில் பாட்டிமார்களின் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. கரப்பான் தோலுக்கு மட்டும் அது ஆகாது. சூடான தண்ணீர் இருக்கும் கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். மாவு உரசி எரிச்சல் தரும். புகை தோலுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். வாசனையில்லாத, நுரை குறைந்த மென்மையான சோப்பைத் தேவையான இடத்தில் மட்டும் தொடலாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள் கிரீம் பூசிவிட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் இப்படி என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து வடிகருவி மாட்டுகிறவர்கள் உண்டு. கடினநீரை மென்மையாக்கும் கருவியைக் கரப்பான் உள்ள குழந்தைகளின் வீடுகளில் பொருத்தி இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2011-இல் வெளியான அந்த முடிவில் வழக்கமான சிகிச்சையைத் தாண்டிப் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தப் பணத்துக்குக் கிரீம் வாங்கலாம்.

எவ்வளவு பூசுவது?

நாம் தவறுவது பெரும்பாலும் அளவில்தான். கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஈரப்பதக் கிரீம் எழுதித் தரலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். கைக்குழந்தைக்கு அதைவிடக் குறைவு போதும்தான். ஆனாலும் 50 கிராம் ட்யூபை இரண்டு மாதம் வைத்திருந்தால் அது பூசியதாகாது. உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் குறைந்தது இரண்டு வேளை, உடம்பு முழுக்கப் பூச வேண்டும்.

விலை உயர்ந்ததுதான் நல்லது என்றில்லை. வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, நன்றாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் அதை அப்பினால் வியர்க்குரு கிளம்பும். பகலில் கிரீம், இரவில் ஜெல்லி என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்கிற குழந்தைக்குப் பூசலாம். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். இரண்டுமே மேலடுக்கைக் கெடுக்கின்றன. இன்னொரு எச்சரிக்கை: கிரீமும் ஜெல்லியும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு, ஊதுவத்தி பக்கத்தில் குழந்தையை விட வேண்டாம்.

உடுப்பு பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும். விசேஷத்துக்குச் சரிகை வைத்த பட்டுப்பாவாடை கட்டத்தான் போகிறீர்கள் என்றால் உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டு, படம் எடுத்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும்

ஈரப்பதக் கிரீம் தோலைக் காக்கும். கிளம்பிவிட்ட அழற்சியை அது அணைக்காது. அதற்கு ஸ்டீராய்டு களிம்புதான் முதல் மருந்து. முகத்துக்கு ஹைட்ரோகார்டிசோன் போல மிதமானது, உடம்புக்கு மருத்துவர் பார்த்துச் சற்று வீரியமானது. பெயரைக் கேட்டதும் தோல் மெலிந்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும் என்று பயம். உரிய வீரியத்தில், உரிய நாள் பூசினால் அப்படி ஆவது மிக அரிது. பயத்தில் மிளகளவு எடுத்து இரண்டு நாள் தடவி, கொஞ்சம் அடங்கியதும் நிறுத்தினால், அடுத்த வாரம் மறுபடி கிளம்பும். கடைசியில் மொத்தமாகக் கூடுதல் மருந்துதான் செலவாகும்.

அளவுக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரலில், முதல் ரேகையிலிருந்து நுனி வரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் முகம், கழுத்து முழுக்கப் பூச ஒரு விரல்நுனி அளவு. தடவினால் வழவழப்பாகும் வரை பூசுவது வழக்கம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அந்த நிலை வந்துவிடும்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது இன்னொன்று. வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்து விற்கிறார்கள். படை, சொறி, பரு எல்லாவற்றுக்கும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். இரண்டே நாளில் மாயம்போல அடங்கும்; அதனாலேயே அக்கம்பக்கத்தில் பேர் வாங்கிவிடுகிறது. கைக்குழந்தையின் மெல்லிய கன்னத்தில் அதை மாதக்கணக்கில் பூசினால், தோல் மெலிவது முதல் எல்லாக் கெடுதலும் வரும். 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு கட்டாயமான பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. கடை கவுன்ட்டரில் அந்த விதி அடிக்கடி மறந்துபோகிறது. மூலிகை என்று சொல்லி, பேரும் இல்லாமல் சீலும் இல்லாமல் டப்பாவில் வரும் களிம்பிலும் ஸ்டீராய்டு ஒளிந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது.

கரப்பான் பண்டம்

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, மீன் என்று ஒரு பட்டியலைத் தாய்க்குத் தடை போட்டுவிடுகிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பு ரசமும் சோறும் தின்று மெலிகிறது. குழந்தையின் கன்னம் அப்படியேதான் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு உணவு காரணமே இல்லை. கடுமையான கரப்பான் உள்ள சிலருக்கு உணவு ஒவ்வாமை சேர்ந்து இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வந்தால் அதுதான் அடையாளம். வெறும் ரத்தப் பரிசோதனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தினால் குழந்தையின் எடை நின்றுவிடும்.

புதிய உணவைத் தள்ளிப்போடுவதும் பாதுகாப்பில்லை. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே வேர்க்கடலை கொடுத்ததில், அதற்கான ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. கரப்பான் கடுமையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். அரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

புண்ணில் தேன்நிறப் பொருக்கு கட்டினால், சீழ் வைத்தால், கிருமி சேர்ந்துவிட்டது. ஒரே அளவில் குட்டிக் குட்டிக் கொப்புளம் கொத்தாகக் கிளம்பி, உடைந்து, குத்தியெடுத்தாற்போலக் குழிந்து, கூடவே காய்ச்சலும் சோர்வும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும், ராத்திரியானாலும் சரி. உதட்டோரம் கொப்புளம் உள்ள பெரியவர்கள் இந்தக் குழந்தைகளைக் கொஞ்சி முத்தமிடுவதைத் தவிர்க்க வேண்டும். கரப்பான் இருக்கிறது என்று தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அட்டவணைப்படியே போடலாம்.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும், தைல பாட்டிலையும், பேரில்லாத டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மோசமாக இருந்த நாளில் செல்போனில் எடுத்த படமும் இருக்கட்டும். காட்டப் போகும் நாளில் பார்த்துத் தோல் நன்றாக இருக்கும்.