உங்களுக்குத் தெரியுமா? பனமலைக்குள் ஒரு பனை

பனமலை என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து. அதில் நான்கு 'ஏ'. மிச்சம் பி, என், எம், எல், ஐ. இவற்றைக் கலைத்துப் போட்டுப் புதுச் சொல் தேடினால் 'அனிமல்' சிக்கும், 'மெயில்' சிக்கும், 'லேம்ப்' சிக்கும். முதல் ஆறு எழுத்தை வரிசை மாறாமல் எடுத்தால் பனாமா என்ற நாடே வந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட நல்ல வேட்டை நான்கெழுத்துச் சொல் ஒன்று: பி, ஏ, எல், எம். பனை இனத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். அவ்வூர் மலைமேல் இருக்கும் இறைவன் பெயரோ தாளகிரீசுவரர், பனைமலைக்கு ஈசன். தற்செயல்தான், ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

*

இதே விளையாட்டைத் தமிழில் ஆடிப் பாருங்கள். பனமலையில் இருப்பவை ப, ன, ம, லை என நான்கே எழுத்து. இதில் 'மலை' கிடைக்கும். வேறென்ன? கையை விரிக்க வேண்டியதுதான். ஆனால் 'லை'யை உடைத்து, இணைக்கொம்பைத் தனியே கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். பனை, மனை, பை, மை, பல எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் கலைத்து அடுக்கினால் வருவது 'பல மனை'. திண்டிவனம் நெடுஞ்சாலையில் இருபுறமும் நட்டு வைத்திருக்கும் கல்லைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

*

அந்தத் தளர்ந்த விதியில்தான் கணினி ஓடுகிறது. யூனிகோடில் 'லை' என்பது ஓர் எழுத்து அல்ல; 'ல' ஒன்று, இணைக்கொம்பு ஒன்று. ஆகவே நம் கண்ணுக்கு நான்கெழுத்தான பனமலை கணினிக்கு ஐந்து. திண்டிவனமும் விழுப்புரமும் நமக்கு ஆறாறு எழுத்து. கணினிக்கு முன்னது 10, பின்னது 11. புள்ளியையும் அது தனியாகத்தான் எண்ணும். ஆங்கிலத்துக்கு எழுதிய சொல் தேடும் நிரலை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் உளறுவது இதனால்தான்: 'ஆறெழுத்துச் சொல் வேண்டும்' என்றால் விழுப்புரத்தைத் தள்ளிவிடும், 'ம உள்ள சொல்' என்று கேட்டால் முருங்கையையும் மேளத்தையும் சேர்த்து அள்ளிவரும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் 'டேஸ் 16' என்ற குறியீட்டையும் தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. பரவலாகப் புழங்குவது என்னவோ யூனிகோடுதான்.

*

'எஜுகேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் அந்த மொழியின் ஐந்து உயிரெழுத்தும் ஒவ்வொரு முறை வந்துவிடும். வேடிக்கையாகப் பேசுபவரைக் குறிக்கும் 'ஃபசீஷியஸ்' இன்னும் கெட்டிக்காரச் சொல். அதில் ஐந்தும் அகரவரிசையிலேயே வரும். 'டைப்ரைட்டர்' என்ற சொல்லைத் தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை எழுத்துகளை மட்டும் வைத்தே அடித்துவிடலாம்.

*

ஸ்க்ராபிள் ஆட்டத்தை 1930களில் வடிவமைத்த ஆல்ஃபிரட் பட்ஸ் வேலை இழந்த கட்டடக் கலைஞர். செய்தித்தாளின் முதல் பக்கத்தை எடுத்துவைத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அதனால்தான் ஆங்கிலப் பெட்டியில் உள்ள 100 வில்லைகளில் 'ஈ' மட்டும் 12, 'க்யூ' ஒன்றே ஒன்று. பனமலைக்கு வேண்டிய நான்கு 'ஏ'யும் அதில் உண்டு. ஆனால் ஊர்ப்பெயரை வைக்க ஆட்ட விதி இடம் தராது.

*

பனமலைக் குகை யாருடையது? அதைச் சொன்னதும் எழுத்துப் பொருத்தம்தான். அந்தக் குகையில் ஒரே ஒரு வடமொழிச் செய்யுள் வெட்டப்பட்டிருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயில் கருவறையைச் சுற்றி ஓடும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கல்வெட்டின் கடைசிச் செய்யுளும் இதுவும் ஒன்றே என்று கண்டார் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ். 1890இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அதைப் பதிவும் செய்தார். குகைக்கும் ராஜசிம்மனுக்கும் முடிச்சு விழுந்தது அப்படித்தான். அந்த மன்னனுக்கும் எழுத்தென்றால் கொள்ளை ஆசை. கைலாசநாதர் கோயிலில் தன் பட்டப்பெயர்கள் 250க்கு மேல் வெட்டி வைத்தான். அதுவும் ஒரே பெயரை வெவ்வேறு எழுத்து வடிவங்களில்.

*

அதே ராஜசிம்மன் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்தவர் வடமொழிப் புலவர் தண்டி என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவருடைய 'தசகுமார சரித'த்தில் ஏழாவது கதையைச் சொல்லும் மந்திரகுப்தனுக்கு ஒரு சங்கடம். காதலி கடித்ததில் உதடு புண். உதட்டோடு உதடு ஒட்டினால் வலிக்கும். எனவே ப, ம போன்ற எழுத்துகள் ஒன்றுகூட வராமல் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிறான். வடமொழியில் ப-வுக்கே நான்கு வடிவம் உண்டு, அத்தனையும் விலக்கு. குறிப்பிட்ட எழுத்து உள்ள சொல்லைத் தேடுவது ஒரு வித்தை என்றால், இல்லாத சொல்லாகவே தேடித் தேடி ஓர் அத்தியாயம் எழுதுவது அதன் உச்சம். அதற்குச் சொல்லும் காரணம் காதல் கடி என்பதில்தான் தண்டியின் குறும்பு தெரிகிறது.

*

தமிழில் இதற்கு நிரோட்டகம் என்று பெயர். ப, ம, வ மூன்றும் கூடாது. உதடு குவியும் உ, ஊ, ஒ, ஓ, ஔவும் கூடாது. இரண்டு உதட்டுக்கும் நடுவே ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். விழுப்புரம் தேறாது. திண்டிவனத்தில் முதல் மூன்றெழுத்து சரியாகப் போய், 'வ'வில் மாட்டிக்கொள்ளும். பனமலை முதல் எழுத்திலேயே அவுட். பக்கத்தில் இருக்கும் செஞ்சி தப்பிவிடும். சென்னையும் தப்பிவிடும். தண்டியின் காஞ்சியும்தான்!

*

தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவித் தமிழில் எழுந்த தண்டியலங்காரத்தில் சித்திரகவி வகைகள் பல உண்டு. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது கரந்துறை பாட்டு. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் புதுச் சொல் காண்பது எழுத்து வருத்தனம். கழித்துக்கொண்டே போவது அக்கரச்சுதகம். எளிதாகச் செய்யலாம்: மாநகரம் என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் நகரம். மறுபடி எடுத்தால் கரம். இன்னொன்றையும் எடுத்தால் வருவது டாஸ்மாக்கில் கிடைக்கும்.

*

ஒரே ஒரு மெய்யை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்? த வரிசையை மட்டும் எடுங்கள்: தாத்தா, தத்தை, தாது, தூது, தீது, தோது, துதி, தை, தீ. இந்த வரிசையைக் கொண்டே ஒரு முழுச் செய்யுள் செய்தார் அருணகிரிநாதர். கந்தர் அந்தாதியின் 54ஆம் பாட்டு. அதற்கு ஒரு கதை உண்டு. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் நம் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். வாதத்தில் தோற்ற புலவர்களின் காதைக் குறடு போட்டு அறுத்துவிடுவாராம். திருவண்ணாமலை அருணகிரியார் பாடப் பாட இவர் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 53 வரை தடையில்லை. தகரப் பாட்டு வந்ததும் வாயடைத்துப் போனார். அவர் காதை அறுக்காமல், இனி யார் காதையும் அறுக்காதே என்று சொல்லி விட்டுவிட்டாராம் அருணகிரியார். 'கருணைக்கு அருணகிரி' என்ற வழக்கு இதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, பாட்டு இருக்கிறது. உரை இல்லாமல் அதை வாசித்துப் பொருள் சொல்லுங்கள் பார்க்கலாம்.

*

குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்குத் தொல்காப்பியம் நல்ல துணை. ர, ல, ட, ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் கடைசியில் வராது. ங வரிசையில் ஙகரமும் அதன் மெய்யும் தவிர மற்றவை நெடுங்கணக்கில்தான் குடியிருக்கின்றன. இது தெரிந்தால் பாதிக் கட்டம் தானே நிரம்பும். ரயில், லட்டு, டீ என்று கடன் சொல்லாகப் போட்டுத் தள்ளும் கட்டமைப்பாளரிடம் மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது.

*

தமிழ்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்பிலேயே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 2020இல் 1,018 ஊர்களுக்குப் புது எழுத்துக்கூட்டல் தந்தது தமிழக அரசு. ஆங்கிலத்தில் பத்தெழுத்தாக இருந்த கோயம்புத்தூர் 14 எழுத்தானது. கேலியும் குழப்பமும் கிளம்ப, ஜூன் மாதத்தில் வெளியே தெரிந்த ஆணை அதே ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. பலகை எழுதுகிறவர்களுக்குத்தான் வேலை போயிற்று.