நெல்லிக்காயும் கீழாநெல்லியும் கல்லீரலைக் காக்குமா?



ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர்களுக்குக் காமாலை கண்டால், ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்கு வருவது எளிதல்ல. வீட்டிலேயே கீழாநெல்லியை அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து, முற்றிய பிறகே பலர் வருகிறார்கள். "இயற்கை உணவு கல்லீரலைக் காக்காதா?" என்று சபையாரும் நம்மைக் கேட்கிறார்கள்.

மது, மருந்து, நச்சு ஆகியவற்றைக் கல்லீரல் உடைக்கும்போது, அதன் செல்களைத் தாக்கும் துகள்கள் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் பொருள்களே ஆன்டி ஆக்ஸிடென்ட்கள். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, சமையல் மஞ்சள் ஆகியவற்றில் இவை உண்டு. அன்றாட உணவில் இவற்றைச் சேர்ப்பது நல்லது. ஆனால் மஞ்சள் சத்தை மாத்திரையாக அதிகம் விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரலே பழுதடைந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் அறிவித்தார்கள்.

கீழாநெல்லியைச் சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஆராய்ந்து, 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேர் கீழாநெல்லி உட்கொண்டதில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத குளிகை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. ஆயினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் இப்பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் கீழாநெல்லியால் குணமானோம் என்கிறார்களே? அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தீரும். பெயர் மூலிகைக்குப் போய்விடும். பித்தநாள அடைப்போ, குடியால் வந்த கல்லீரல் சுருக்கமோ அவ்வாறு தீராது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ உயிரையே பறிக்கலாம். எது எந்தக் காமாலை என்பதைக் கண்ணின் மஞ்சள் நிறம் சொல்லாது; பரிசோதனைதான் சொல்லும்.

ஆகவே நாம் கிராமங்களில் சொல்வது இதுவே: நெல்லிக்காயும் கீரையும் தாராளமாக உண்ணுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மதுவை விடுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள். கண் மஞ்சளானால் அன்றே வாருங்கள்.

பணமில்லை என்பதால் ஒருவரும் பரிசோதனையின்றித் திரும்பிப் போகாதபடி உங்கள் காணிக்கையால் தாங்குங்கள். தாமதமாய் வந்திருக்கிற நோயாளிகளுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.